குடும்பம் இருந்தால்தான் காணி

தேனியில் இறங்கும் எண்ணமே எங்களுக்கு இருக்கவில்லை. போடிநாயக்கனூர் வரை போவதாகத்தான் புறப்பட்டோம். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தபோது, என் தம்பி கந்தையா தலைப்பாகையை அவிழ்த்து உடம்பைப் போர்த்திக்கொண்டான். ஆடி மாத வெயில். பெட்டியில் இருந்த மற்ற எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவன் பற்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இலங்கையில், அதிலும் வன்னியில் இருப்பவர்களுக்கு அந்தக் குளிர் என்ன குளிர் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அது அகலம் குறைந்த பாதையில் ஓடும் சின்ன ரயில். எதிரே இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். மேட்டில் அது ஊர்ந்தபோது இரண்டு இளைஞர்கள் குதித்து இறங்கி, வண்டியோடு பேசிக்கொண்டே நடந்து வந்து, மறுபடி ஏறிக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

எதிரில் இருந்த பெண், கூடையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுக் கந்தையாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஏ ஆத்தா, இது குளிர்காய்ச்சல்ல? போடி வரைக்கும் இந்த மனுசன் தாங்க மாட்டாரு. தேனியில எறங்கிருங்க. நானும் அங்கனதான் எறங்குறேன்" என்றாள்.

அவள் பெயர் ராமுத்தாய். தேனி ரயிலடிக்குப் பின்னால் இட்டிலிக்கடை வைத்திருந்தாள். வண்டி நின்றதும் அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கந்தையாவைத் தாங்கிக்கொண்டோம். இறங்கியவுடன் காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. எங்கள் ஊரில் சோழகம் என்று நாங்கள் அஞ்சுகிற காற்று இதற்குத் தங்கை முறைதான் வரும். மேற்கே மலையின் தலையில் மழைமேகம் கட்டிக்கிடக்கிறது. கீழே தெருவில் மண் பறக்கிறது. மழை அங்கே, காற்று மட்டும் இங்கே.

ராமுத்தாய் தன் கடையின் பின்கட்டில் பாயை விரித்து, "இங்கன படுக்கப் போடுங்க" என்றாள். எங்களை யார், என்ன என்று அதுவரை அவள் கேட்கவில்லை. எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து பார்த்தார். மலேரியாக் காய்ச்சல்தான் என்று கொயினா மருந்து கொடுத்து, ஒரு வாரத்துக்கு எங்கும் அசையக் கூடாது என்றார்.

டாக்டர் போனதும் கந்தையா கண்ணைத் திறந்தான். "அக்கா, நீங்கள் போங்கோ. நான் இதிலை கிடக்கிறன். விதைப்புக்கு முன்னம் அவள் வரோணும்."

"உன்னை இப்பிடி விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?"

"போங்கோ. ஒண்டு மட்டும். எனக்குக் காய்ச்சலெண்டு சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. இரக்கப்பட்டு வந்தால் இரக்கம் தீர்ந்தாப் பிறகு போயிடுவாள்."

எதற்காகப் போகச் சொன்னான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் பெரிய ஊர் இருந்ததாம். குளம் உடைந்தது, காய்ச்சல் வந்தது, ஆட்கள் போனார்கள். போனவர்களின் வீடுகள்மேல் காடு ஏறி நின்றது. வன்னியில் இப்படி ஆளற்றுப்போன ஊர்கள் பல. அவற்றில் மறுபடி மக்களைக் குடியமர்த்த வேண்டும் என்று எங்கள் அரசாங்கம் தீர்மானித்தது. குளத்தைத் திருத்தினார்கள். காட்டை வெட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் நிலமில்லாதவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துண்டு வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். நிலத்தைத்தான் நாங்கள் காணி என்போம். முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாட்டுக்கும் உதவினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: காணியில் குடும்பத்தோடு இருக்க வேண்டும். ஆண் மட்டும் வந்து விதைத்து, அறுத்து, மூட்டையோடு திரும்பிப் போய்விட்டால் ஊர் எப்படி உண்டாகும்? அரசாங்கம் கேட்டது நியாயந்தான்.

குளக்கட்டு வேலைக்கு இந்தியாவிலிருந்து மண்வேலைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முத்துக்கருப்பன், கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குச் சமைத்துப்போட வந்த மகள் பேச்சியம்மாள். காணி பெற்று அங்கே வந்திருந்த கந்தையா அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நடக்கத் தொடங்கிய வயதில் அதற்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஒரு பகல் வழி. பாதி வழியிலேயே குழந்தை போய்விட்டது. வேலை முடிந்து முத்துக்கருப்பன் ஊருக்குத் திரும்பியபோது பேச்சியும் அவரோடு கப்பலேறிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் குளத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஆசிரியையாகப் போனேன். கணவனை இழந்த எனக்கு அந்தப் பள்ளிக்கூடந்தான் சோறு. ஆனால் வாங்குப் பலகைகளில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கே திரும்பின. கடைசியில் காணி அதிகாரியிடமிருந்து அறிவித்தல் வந்தது. வருகிற மாரி விதைப்புக்குள் குடும்பம் வந்து சேராத காணிகள் திருப்பி எடுக்கப்படும். பிள்ளைகள் போதாவிட்டால் பள்ளிக்கூடமும் மூடப்படும். தம்பிக்குப் பேச்சி வேண்டும். எனக்குத் தம்பியின் காணியும் வேண்டும், பள்ளிக்கூடமும் வேண்டும். ஆகவே கடல் கடந்தோம்.

மறுநாள் காலை ராமுத்தாய் எனக்கு இட்டிலி கட்டிக் கொடுத்தாள். கடலையெண்ணெயில் நனைத்த மிளகாய்ப்பொடி. முதல் வாயிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் தம்பியை நினைத்து அழுவதாக அவள் எண்ணிக்கொண்டாள். "நான் பாத்துக்கிறேன், டீச்சரம்மா. எம் புருசன் மலைக்குப் போயி வருசம் ஆச்சு. படுத்துக் கெடக்குற ஆம்பளைக்குக் கஞ்சி ஊத்துறது எனக்கு ஒரு வேலையா?" என்றாள். எந்த மலை என்று கேட்டேன். மேற்கே கையைக் காட்டினாள். திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும் இருக்கிறதாம்.

உத்தமபாளையம் போகும் பஸ்ஸில் உள்ளே இருந்த அளவு ஆட்கள் மேலேயும் இருந்தார்கள். கூரையில் ஆடுகள் வேறு. வீரபாண்டி தாண்டி ஆற்றைக் கண்டதும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தேன். இரு கரையும் பச்சை. வாழை, நெல், தென்னை, மறுபடி நெல். பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, பார்ப்பது வேறு. இங்கே குடியிருக்க வாருங்கள் என்று எந்தக் காணி அதிகாரியும் அறிவித்தல் ஒட்டவில்லை. தண்ணீர் வந்தது, ஆட்கள் தாமாக வந்தார்கள். எங்களுக்கும் குளம் இருக்கிறதே, தண்ணீர் இருக்கிறதே, பிறகேன் ஆட்கள் நிற்கவில்லை என்ற கேள்வி என்னைக் குடையத் தொடங்கியது.

சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயர் கிடையாது. ஓட்டுநரும் கிளீனரும் பக்கத்துக் களத்தில் வைக்கோல் கேட்டு வாங்கி வந்து டயருக்குள் திணிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் எல்லோரும் புளியமரத்தடியில் நின்றோம். கூரையிலிருந்து இறக்கிய ஆடுகளும் நின்றன.

மரத்தடியில் ஒரு கூட்டம் பானை, சட்டி, கம்பளி மூட்டைகளோடு தனியாக உட்கார்ந்திருந்தது. மலைத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். கங்காணி ஒருவன் அவர்களை அழைத்துப் போகிறான். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

"ஊர்ல மழையே இல்லக்கா. ஆத்தோரத்துக்காரகளுக்குத் தண்ணி இருக்கு, எங்களுக்கு ஏது?" என்றாள்.

"மலையிலை குளிர், அட்டை, காய்ச்சல் எல்லாம் இருக்குமே. பிள்ளையையும் கொண்டு போறியளே?"

அவள் நான் பேசியதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "தோட்டத்துல ஆசுபத்திரி இருக்காம்க்கா. லயத்துல வீடெல்லாம் ஒட்டுக்கா இருக்குமாம். எங்கக்கா அங்கனதான் இருக்கா. புள்ளைக்கு ஒண்ணுன்னா நடந்தே தூக்கிட்டுப் போயிறலாம்னு சொல்லி விட்டுருக்கா" என்றாள்.

பஸ்ஸில் என் ஊர், வந்த காரணம் எல்லாம் விசாரித்திருந்த இரண்டு பெரியவர்கள் எனக்குப் பின்னால் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்கிறவர்கள். வீட்டு மொழியாகத் தெலுங்கை வைத்திருக்கிறார்கள். நடுநடுவே "சிலோன்" என்ற சொல் விழுந்தது. என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற பயணி ஒருவரைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தம்மா ஊர்ல சர்க்காரே நெலத்தைக் குடுத்து, வாங்கன்னு கூப்புடுதாம். அப்படியும் போனவுக திரும்பி வந்துர்றாகளாம். நெலத்துல ஏதோ பேய் இருக்கும்போலன்னு சொல்றாக."

நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் சங்கடப்பட்டு, தம் துண்டில் முடிந்து வைத்திருந்த மாம்பழத்தை என்னிடம் நீட்டினார். பெரியகுளத்துப் பழம், பருவத்தின் கடைசிக் காய்ப்பு என்றார். தின்றேன். எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு ஈடாகாது என்று அப்போது நினைத்தேன். கொட்டையைச் சூப்பி முடித்தபோது அப்படி அறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வைக்கோல் டயரோடு பஸ் நொண்டி நொண்டி உத்தமபாளையம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து கோம்பை வழியாக மாட்டு வண்டி. ஆற்றை விட்டு மேற்கே திரும்பியதும் பச்சை முடிந்தது. செம்மண், கடலைக்கொடி, வாடிய சோளம். மலை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில், ஈரமாக.

கல்யாணத்தின்போது என்னைப் பார்த்திருந்த முத்துக்கருப்பன், கண்டதும் எழுந்து நின்றார். "வா தாயி" என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். பேச்சி கடலைக் காட்டிலிருந்து களைக்கொத்தோடு வந்தாள். வாசலில் என்னைப் பார்த்து நின்றாள். முகம் கறுத்து மெலிந்திருந்தது. "வாங்க மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாடு கேப்பைக் களியும் மொச்சைக் குழம்பும். நாங்கள் குரக்கன் என்று பிட்டு அவிப்பதைத்தான் இவர்கள் கேப்பை என்று களி கிண்டுகிறார்கள். எனக்கு அதை மெல்லத் தோன்றியது. விழுங்க வேண்டும் என்று பேச்சி காட்டித் தந்தாள்.

காலையில் தெருவைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நின்றது. ஒரு வீட்டுப் புகை மறு வீட்டுக்குள் போனது. ஆனால் நாலு வாசலுக்கு ஒரு வாசல் முள்ளை வைத்து அடைத்திருந்தது. எல்லாம் மலைக்குப் போன வீடுகள் என்றார் முத்துக்கருப்பன்.

"இங்கயும் ஊர் காலியாத்தான் ஆகுது தாயி. மழை பொய்ச்ச வருசம் தீர்வையில தள்ளுபடி குடுத்தாக. கெணறு வெட்டக் கடன் தாரோம்னாக. நல்லதுதான், குத்தம் சொல்லல. ஆனா தீர்வை கட்டணும்னு பயந்தா அவன் போனான்? சோத்துக்குப் போனான். அதக் கேட்டுட்டுக் குடுத்தாத்தான குடுக்குறது நிக்கும்?"

கிணற்றடிக்குப் பேச்சி குடத்தோடு புறப்பட்டாள். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன். கமலையில் மாடுகள் பின்னுக்கும் முன்னுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. வாய்க்காலில் விழுந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள்.

"மதினி, எனக்கு உங்க மேல கோவமில்ல. அவுக மேலயும் இல்ல. புள்ளைக்குக் குளிரெடுத்தப்ப வாசல்ல நின்னு கத்துனேன். யாருக்குக் கேக்கும்? அங்கிட்டு ஒரு வீடு, இங்கிட்டு ஒரு வீடு, நடுவுல காடு. வண்டி தேடி உங்க தம்பி ஓடிட்டாக. நான் ஒத்தையில அந்தப் புள்ளய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வண்டி வந்து சேர்றப்ப பொழுது ஏறிப்போச்சு. அந்த வீட்டுக்கு நான் எப்படித் திரும்ப வந்து அடுப்புப் பத்த வைக்கிறது?"

நான் என் குடத்தை வாய்க்காலில் பிடித்தேன்.

"குடும்பம் இருந்தாத்தான் காணின்னு சொல்றாகளே, குடும்பம் உசுரோட இருக்க என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாகளா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.

"நீங்க கேட்டீகளா?"

"இப்ப கேக்கிறன். சொல்லு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதவள்போல என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஆனால் நெடுநாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவளாகச் சொன்னாள்.

"நாலு வீடாச்சும் கிட்டக்கிட்ட இருக்கணும். கூப்புட்டாக் கேக்கணும். மருந்து கைக்கெட்டுற எடத்துல இருக்கணும். அத எப்படிக் குடுக்கணும்னு தெரிஞ்ச ஆள் ஒண்ணு ஊருக்குள்ள இருக்கணும். அம்புட்டுத்தான். இது இருந்தா நான் எங்கன வேணாலும் இருப்பேன்."

மரத்தடியில் கைக்குழந்தையோடு இருந்த பெண் சொன்னதும் இதுதான். ஒருத்தி மலைக்குப் போவதற்குச் சொன்ன காரணமும், இன்னொருத்தி காட்டுக்கு வர மறுப்பதற்குச் சொன்ன காரணமும் ஒன்றாக இருந்தன. அந்த இடத்திலேயே எனக்கு ஓர் உறுதி வந்தது. இவள் வந்தாலும் வராவிட்டாலும் இதைக் காணி அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைக்காமல் நான் ஓய்வதில்லை.

திரும்பி நடக்கையில் அவள் கேட்டாள். "அவுக ஏன் வரல? கூப்புட வாரதுக்குக்கூட வெறுப்பாப் போச்சா?"

இதற்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "வந்தவன்தான். தேனியிலை காய்ச்சலோடை கிடக்கிறான். உனக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சொல்லி விட்டவன்."

குடம் அவள் இடுப்பிலிருந்து நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன். "குளிர்காய்ச்சலா? யாரு பக்கத்துல இருக்கா? மருந்து குடுத்தாகளா?" வீட்டுக்கு வந்து சேருமுன்பே புறப்படுவதற்கான ஏற்பாடு எல்லாம் அவள் வாயில் முடிந்துவிட்டது. சேலை ஒன்றை மூட்டையாகக் கட்டினாள். வண்டியில் ஏறிய பிறகு என் பக்கம் திரும்பி, "தேனிக்குத்தான் வாரேன் மதினி. சிலோனுக்கு இல்ல" என்றாள். முத்துக்கருப்பனும் வந்து முன்னால் ஏறிக்கொண்டார்.

ராமுத்தாயின் பின்கட்டில் கந்தையா வேர்த்து நனைந்து கிடந்தான். கண்ணைத் திறந்து பேச்சியைப் பார்த்தான்.

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்புடல. நானா வந்தேன். கஞ்சியக் குடிங்க."

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, சொல்லிப்போட்டியளோ?"

"கேட்டாள், சொன்னன்" என்றேன்.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு விட்டது. அந்த நாட்களில் ராமுத்தாயின் கடையில் நான் மாவாட்டினேன். பேச்சி சட்டினி அரைத்தாள். முத்துக்கருப்பன் விறகு பிளந்தார். தேங்காயோடு காய்ந்த செத்தல் மிளகாய் இடித்து எங்கள் ஊர்ச் சம்பல் ஒருநாள் செய்துவைத்தேன். ரயிலடிக் கூலிகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். "சிலோன் சட்டினி" என்று அதற்குப் பெயராகிவிட்டது.

டாக்டர் வந்த ஒவ்வொரு தரமும் நான் அவரை விடவில்லை. கொயினா எந்த வயதுக்கு எவ்வளவு, குளிர் வருமுன் கொடுப்பதா பின் கொடுப்பதா, வாந்தி எடுத்தால் என்ன செய்வது, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர் முதலில் அலுத்துக்கொண்டார். எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்ன பிறகு, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் அவருக்குத் திருப்பி ஒப்புவித்தேன். பிழைவிட்ட இடத்தில் திருத்தினார்.

எழுந்து உட்காரக்கூடிய நிலை வந்த மாலை, கந்தையா பேச்சியைக் கூப்பிட்டான். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"நீ அங்கை வரவேண்டாம். நான் காணியை விட்டுப்போடுறன். இஞ்சை உங்கடை ஊரிலை வந்து இருக்கிறன்."

அந்தக் காணிக்காக அவன் வெட்டிய காடு, சுமந்த மண் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் குறுக்கே பேசவில்லை. அவர்கள் இரண்டு பேரின் வாழ்க்கை அது.

பேச்சி வெளியே பார்த்தாள். வெளியே ரயிலிலிருந்து இன்னொரு கூட்டம் கம்பளி மூட்டைகளோடு இறங்கி, பஸ்ஸைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"இங்கன வந்து என்ன செய்வீக? ஒரு மழை தப்புனா அவுக பின்னாடி மலைக்குத்தான போவீக?" என்றாள். "அங்கன உங்களுக்குக் கொளம் இருக்கு, வயலு இருக்கு. எங்கய்யா மண்ணு சொமந்த கொளம் அது. அத விட்டுட்டு ஊரான் தோட்டத்துல நான் ஏன் கூலிக்கு நிக்கணும்? நான் வாரேன். ஆனா வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் காணித் தொரையப் பாக்கணும். நான்தான் பேசுவேன். நீங்க யாரும் எனக்குப் பதிலாப் பேசக் கூடாது."

"துரை கேக்கமாட்டாரப்பா" என்றான் கந்தையா.

"கேக்காட்டி அடுத்த கப்பல்ல ஏறி வந்துருவேன். நீங்களும் கூட வாங்க. அப்ப மலைக்கே போவோம்."

முத்துக்கருப்பன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். புறப்படும் நாளில் ராமுத்தாய் ரயிலுக்குள் இட்டிலிப் பொட்டலத்தைத் திணித்து, இறங்க மறந்து, அடுத்த நிறுத்தம் வரை எங்களோடு வந்துவிட்டாள். அங்கிருந்து நடந்தே திரும்பிப் போனாள்.

கச்சேரியில், அதாவது எங்கள் ஊர் அரசாங்க அலுவலகத்தில், காணி அதிகாரி ஓர் ஆங்கிலேயர். பக்கத்தில் மொழிபெயர்க்க, முதலியார் என்ற பட்டம் பெற்ற உத்தியோகத்தர் ஒருவர். என்னையும் கந்தையாவையும் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுப் பேச்சி மேசைக்கு முன்னால் போனாள். கிணற்றடியில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். முதலியாருக்கு அவள் பேச்சு பாதி விளங்கவில்லை. விளங்காத இடத்தில் அவள் நிறுத்தி மறுபடி சொன்னாள். குழந்தையைப் பற்றிச் சொன்னபோதும் குரல் நடுங்கவில்லை.

துரை ஏதோ சொன்னார். முதலியார் மொழிபெயர்த்தார்: "வீட்டை அவரவர் காணிக்குள்ளேதான் கட்டவேணும். அதுதான் சட்டம். ஓரிடத்திலே கூடிக் குடியிருந்தால் காணியைக் கவனிக்க மாட்டார்கள் என்று துரை சொல்லுகிறார்."

"எங்க ஊர்ல வீடெல்லாம் ஒட்டித்தான் இருக்கு. அதுக்காகக் கடலைக் காட்டுக்குப் போகாம இருக்கமா? காணியப் பாக்குறதுக்கு ஆள் மொதல்ல உசுரோட இருக்கணும்னு சொல்லுங்க."

முதலியார் தயங்கினார். "சொல்லுங்க" என்றாள் மறுபடி. அவர் சொன்னார்.

துரை எழுந்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அலுமாரியிலிருந்து நில அளவைப் படத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். சதுரம் சதுரமாக எங்கள் காணிகள். ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவில் வீட்டுக்கு ஒரு புள்ளி. அவர் விரல் கோடுகளின்மேல் ஊர்ந்து, கந்தையாவுடையதோடு நாலு சதுரங்கள் சந்திக்கும் மூலையில் நின்றது. முதலியாரிடம் பேசினார். இம்முறை முதலியாரின் முகமே மலர்ந்தது.

"நாலு பேரும் இந்த மூலைக்கு வந்து வீட்டைக் கட்டினால், அவரவர் வீடு அவரவர் காணிக்குள்ளேதான் இருக்கும். வீடுகளும் கிட்டக்கிட்ட வந்துவிடும். அதற்குச் சட்டத்திலே தடை இல்லையாம்."

பேச்சி குனிந்து அந்த மூலையைப் பார்த்தாள். "இது போதும்" என்றாள். உடனே, "மருந்து?" என்றாள்.

மருந்துப் பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் வைக்கவும், அதற்கு நான் பொறுப்பாக இருக்கவும் அனுமதி கிடைத்தது. அதற்குமுன் துரை அரசாங்க வைத்தியரைக் கூப்பிட்டு என்னைக் கேள்வி கேட்க வைத்தார். தேனி டாக்டரிடம் ஒப்புவித்ததையே அவரிடமும் ஒப்புவித்தேன். வாரம் ஒருமுறை அப்போதிக்கரி என்ற உதவி வைத்தியர் வந்து நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்ய மேலிடத்துக்கு எழுதுவதாகத் துரை சொன்னார். எழுதினார். அந்த அப்போதிக்கரி வருவதற்கு இரண்டு மாரி ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் நான் கச்சேரிக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலிருப்பதற்காகவே அனுப்பினார்களோ என்னவோ.

முதல் மழைக்குள் கந்தையா பழைய வீட்டைப் பிரித்து, மரங்களைச் சுமந்துகொண்டு மூலைக்கு வந்தான். பேச்சி மண் குழைத்தாள். மற்ற மூன்று காணிக்காரரும் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார்கள்; அவர்களில் இரண்டு குடும்பங்களை நானே போய்ப் பேசிக் கூட்டி வந்தேன். ஒரு குடும்பம் எவ்வளவு சொல்லியும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் காணியில் மறுபடி காடு ஏறத் தொடங்கியது. நாலாவது மூலை வெறுமையாகவே கிடந்தது. ஆனாலும் விதைத்தோம். மூன்று வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் புகைந்தது.

குளம் நிரம்பி, வயலில் நெல் முழங்கால் அளவு நின்ற ஒரு காலையில், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து ஓர் இளம் தம்பதி மூட்டையோடு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். இங்கே காணி கொடுக்கினமாமே, உண்மைதானோ என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் மூன்று மாதமோ நாலு மாதமோ பிள்ளைத்தாய்ச்சி. நான் பதில் சொல்லுமுன் பேச்சி வரம்பிலிருந்து ஏறி வந்துவிட்டாள். கையில் சேறு. அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உண்மைதான். கச்சேரிக்குப் போயிக் கேளுங்க, குடுப்பாக" என்றாள். சேற்றுக் கையாலேயே வெறுமையாகக் கிடந்த நாலாவது மூலையைக் காட்டினாள். "ஆனா வீட்ட அந்த மூலையிலதான் கட்டணும். நான் கூப்புட்டா உங்களுக்குக் கேக்கணும். நீங்க கூப்புட்டா எனக்குக் கேக்கணும். அதுக்குச் சம்மதம்னா உள்ள வாங்க, சாப்புடலாம்."